கல்லாவும் கணக்கும் ஒரே கையிலா?

2021 அக்டோபர். தூத்துக்குடி மாவட்டம் குரும்பூர். கடம்பா குளத்துப் பாசனத்தில் நெல்லும் வாழையும் விளையும் ஊர். அங்குள்ள தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தின் பெட்டகத்தைத் திறந்து, அடகு நகைப் பைகளை அதிகாரிகள் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள். பை இருந்தது. பேரேட்டில் கடன் எண்ணும் கிராம் கணக்கும் இருந்தன. பல பைகளில் நகை மட்டும் இல்லை. இரண்டு கோடி ரூபாய்க்கு மேல் முறைகேடு என்று புகார் எழுந்து, விவகாரம் வணிகக் குற்றப் புலனாய்வுப் பிரிவு வரை போனது. கம்மலையும் சங்கிலியையும் கொடுத்துவிட்டு உரத்துக்கும் பள்ளிக்கூடக் கட்டணத்துக்கும் பணம் வாங்கிப் போனவர்கள், தங்கள் நகை பத்திரமாக இருக்கிறதா என்று பதறியடித்து ஓடி வந்தார்கள்.

இந்தச் சோதனை வழக்கமான சோதனை அல்ல. அந்த ஆண்டு செப்டம்பர் 13-ஆம் தேதி, கூட்டுறவு நிறுவனங்களில் ஐந்து பவுன் வரை வைத்த நகைக் கடன்கள் தள்ளுபடி ஆகும் என்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் சட்டப்பேரவையில் அறிவித்தார். சுமார் 6,000 கோடி ரூபாய் சமாச்சாரம் என்பதால், மாநிலம் முழுக்க நகைப் பைகளை ஒன்றுவிடாமல் பிரித்துப் பார்க்க உத்தரவு பறந்தது. புதுக்கோட்டை மாவட்டம் கீரனூரிலும் நகையே இல்லாமல் ஒரு கோடி ரூபாய்க்கு மேல் கடன் எழுதப்பட்டிருந்தது அந்தச் சமயத்தில்தான் அம்பலமானது. தள்ளுபடி அறிவிப்பே வராமல் போயிருந்தால், வெறும் பைகள் இன்னும் எத்தனை வருடம் பெட்டகத்தில் கிடந்திருக்கும்?

நகைக் கடன் ஏனோதானோ என்று நடக்கும் வேலை இல்லை. மதிப்பீட்டாளர் நகையை உரைகல்லில் தேய்த்துப் பார்க்க வேண்டும். எடை போட்டு, கல்லுக்கும் அழுக்குக்கும் கழித்து, நிகர எடையை எழுத வேண்டும். செயலாளர் ஒப்புதல் தர வேண்டும். காசாளர் பணம் கொடுக்க வேண்டும். பை போய்ச் சேரும் பெட்டகத்துக்கு இரட்டைச் சாவி. ஒன்று ஒருவரிடம், இன்னொன்று மற்றவரிடம். மேலிடத்திலிருந்து ஆள் வந்து, சொல்லாமல் கொள்ளாமல் நாலு பையைப் பிரித்து எடை பார்க்க வேண்டும். கூட்டுறவுத் தணிக்கைத் துறை வேறு இருக்கிறது. இத்தனை பேரைக் கடந்துதான் ஒரு வெறும் பை உள்ளே போக முடியும்.

அப்படியும் போகிறது என்றால், ஆறு கைகள் செய்ய வேண்டியதை எங்கோ ஒரே கை செய்திருக்கிறது, அல்லது ஆறு கைகளும் கூடிக்கொண்டிருக்கின்றன. இரண்டு சாவியும் ஒரே மேஜை டிராயரில் கிடக்கும் அலுவலகங்கள் நாட்டில் ஏராளம். பையைப் பார்க்காமலே ‘சரிபார்க்கப்பட்டது’ என்று கையெழுத்து விழும் பேரேடுகளும் ஏராளம். ஆடிட்டர்கள் ‘இன்டர்னல் கன்ட்ரோல்’ என்று சொல்லும் உள்கட்டுப்பாடு சட்டப் புத்தகத்தில் இருந்து பிரயோஜனம் இல்லை. டிராயரைத் திறந்தால் எத்தனை சாவி இருக்கிறது என்பதில்தான் அது இருக்கிறது.

ஜவுளிக்கடை நடத்தும் பாடம்

திருநெல்வேலியில் வண்ணார்பேட்டையிலோ டவுனிலோ பெரிய ஜவுளிக்கடை ஒன்றில் தீபாவளிக்குத் துணி எடுத்தவர்களுக்கு இந்த அனுபவம் இருக்கும். சேலையை விரித்துக் காட்டும் பெண் பணத்தைத் தொடுவதில்லை. சீட்டு எழுதித் தருகிறார், அல்லது ஸ்கேன் செய்து அனுப்புகிறார். பில் போடுபவர் வேறு. கல்லாவில் பணம் வாங்குபவர் வேறு. ‘பெய்டு’ முத்திரை விழுந்த பில்லைக் காட்டினால்தான் டெலிவரி கவுன்டரில் பை கிடைக்கும். வாசலில் நிற்கும் காவலாளி, பில்லையும் பையையும் பார்த்துவிட்டு இன்னொரு முத்திரை குத்துகிறார். நாலு இடத்தில் நின்று கால் கடுக்க, ‘ஒரு சேலைக்கு இத்தனை அலைச்சலா’ என்று முனகுகிறவர்கள் உண்டு.

அந்த அலைச்சல்தான் கடையின் காவல். ஒரு சேலையைக் கணக்கில் வராமல் வெளியே கொண்டுபோக, குறைந்தது மூன்று பேர் கூட்டுச் சேர வேண்டும். ஒருவர் மனம் தடுமாறலாம்; மூன்று பேர் ஒரே நேரத்தில் தடுமாறி, ஒருவரை ஒருவர் நம்பி, பங்கு பிரித்து, பல மாதம் வாயைத் திறக்காமல் இருப்பது கஷ்டம். ராத்திரி கடை அடைக்கும்போது பில் மொத்தம், கல்லா ரொக்கம், டெலிவரியான உருப்படி ஆகிய மூன்றும் ஒத்துப்போக வேண்டும். ரத்தான பில் எத்தனை, யார் ரத்து செய்தார், ஏன் என்பதற்கும் ஒரு கையெழுத்து இருக்கும். கல்லாவில் நடக்கும் திருட்டில் பெரும்பகுதி இந்த ரத்தான பில்லில்தான் ஒளிந்திருக்கும்: வாடிக்கையாளர் பணம் கட்டிப் போன பிறகு பில்லை ரத்து செய்துவிட்டு, காசைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வது.

அம்பாசமுத்திரம் பக்கத்து அரிசி ஆலைகளில் இதற்கு வேறொரு வழி உண்டு. அரசுக்காக அரைத்துக் கொடுக்கும் நெல்லுக்குக் கணக்கு தெளிவு: 100 கிலோ நெல்லுக்குப் புழுங்கல் என்றால் 68 கிலோ அரிசி, பச்சரிசி என்றால் 67 கிலோ. சொந்த வியாபாரத்துக்கு அரைக்கும்போதும் இன்ன ரக நெல்லுக்கு இவ்வளவு காணும் என்று ஆலைக்காரருக்கு அத்துபடி. எடைமேடைச் சீட்டில் உள்ளே வந்த நெல், குடோன் பதிவேட்டில் வெளியேறிய அரிசி, தவிடு, உமி. இந்த விகிதம் ஒரு மாதம் திடீரென்று இறங்கினால், ஒன்று எந்திரத்தில் கோளாறு, இல்லையென்றால் எடைமேடையில் கோளாறு. முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் பீடிக் கடைகளில் இலையை எடை போட்டுக் கொடுத்து, பீடியை எண்ணி வாங்குவதும் இதே தர்க்கம்தான். பெரிய கம்பெனிகளில் தணிக்கையாளர்கள் கணினி வைத்துச் செய்யும் விகிதப் பகுப்பாய்வு, இந்தக் கடைத் திண்ணைக் கணக்கிலிருந்து ரொம்பத் தூரத்தில் இல்லை.

இது வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான சரக்கும் அல்ல. திருநெல்வேலிக்குப் பக்கத்தில் மானூரில் உள்ள, சுமார் 1,200 ஆண்டுகளுக்கு முந்தைய பாண்டியர் காலக் கல்வெட்டு, ஊர்ச்சபையில் யார் உட்காரலாம் என்று தகுதி வகுக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினர்களும் குடவோலையில் பெயர் எழுதத் தகுதியற்றவர்கள். கணக்கு எழுதியவர் தன் கணக்கைத் தானே ஒப்புவித்து, சரி என்று தீர்ந்த பிறகுதான் மறுபடியும் அந்தப் பொறுப்புக்கு வர முடியும். அவருக்காக வேறொருவர் வந்து கணக்கை முடித்துவைக்கக் கூடாது. ஆண்டு 921. இன்றைய பல நிறுவனங்களில் இந்த இரண்டாவது விதி கிடையாது.

‘நம்ம பயதான்’

கடையில் பணம் காணாமல் போனதும் முதலாளி வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை, “பதினஞ்சு வருஷமா நம்மகிட்ட இருக்கான், நம்ம பயதான்” என்பதாகவே இருக்கும். தாமிரபரணிக் கரையில் வியாபாரம் வளர்ந்ததே இந்த நம்பிக்கையில். சென்னையிலும் மும்பையிலும் கடை போட்ட அண்ணாச்சிமார், சொந்த ஊரிலிருந்தே பையன்களைக் கூட்டிப் போனார்கள். ஊர், உறவு, அப்பா பெயர் தெரிந்திருந்தால் போதும், கல்லாச் சாவி கைக்கு வந்துவிடும். அந்த நம்பிக்கையைக் குறை சொல்ல முடியாது. அது பல்லாயிரம் குடும்பங்களைத் தூக்கி நிறுத்தியிருக்கிறது.

ஆனால் மோசடிக்காரர்களில் பெரும்பாலோர் நம்பப்பட்டவர்களே. அமெரிக்கக் குற்றவியலாளர் டொனால்ட் கிரெஸ்ஸி, நம்பிக்கை மோசடிக்காகச் சிறையில் இருந்தவர்களிடம் பேசிப் பேசி 1953-இல் ஒரு நூல் வெளியிட்டார். அவர் சொன்னதை மூன்று காரணங்களாகச் சுருக்கலாம்: வெளியே சொல்ல முடியாத பண நெருக்கடி, எடுக்க ஒரு வாய்ப்பு, தன் மனதுக்குத் தானே சொல்லிக்கொள்ளும் சமாதானம். ‘அடுத்த மாசம் திருப்பி வெச்சிடலாம்’ என்பது அந்தச் சமாதானத்தின் மிகப் பழைய வடிவம். ‘தேன் எடுத்தவன் புறங்கையை நக்கத்தான் செய்வான்’ என்று ஊரே தோளைக் குலுக்கிவிட்டுப் போவது இன்னொரு வடிவம்.

காசாளர் வீட்டில் ஆஸ்பத்திரிச் செலவு வந்ததா, வட்டிக்கு வாங்கித் தவிக்கிறாரா என்று முதலாளியால் தெரிந்துகொள்ள முடியாது. அவர் மனதுக்குள் நடக்கும் வாதத்தையும் கேட்க முடியாது. மூன்றில் நிறுவனத்தின் கைக்கு எட்டுவது நடுவில் உள்ள வாய்ப்பு மட்டும்தான். உள்கட்டுப்பாட்டின் வேலை முழுவதும் அங்கேதான்.

கட்டுப்பாடு வைத்தால் ஊழியரைச் சந்தேகப்படுவது போலாகும் என்று தயங்கும் முதலாளிகள் இன்னொரு காட்சியையும் யோசிக்க வேண்டும். கல்லாவில் பத்தாயிரம் ரூபாய் குறைகிறது. எந்த நேரத்தில் யார் கையில் சாவி இருந்தது என்பதற்குப் பதிவு இல்லை. அப்போது விரல் யாரை நோக்கி நீளும்? பெரும்பாலும், அங்கே வேலை செய்பவர்களில் ஏழையை நோக்கி. தப்பே செய்யாத ஒரு பையன் அந்தப் பழியோடு ஊருக்கு பஸ் ஏறுவதைத் தடுப்பது, ஷிப்ட் மாறும்போது எண்ணி ஒப்படைத்து இருவரும் போடும் கையெழுத்துதான். நேர்மையான ஊழியருக்கு முதலாளி கொடுக்கக்கூடிய மரியாதை அது.

லீவே எடுக்காதவர்

ஒரே நாற்காலியில் பல வருடம், ஒருநாள் கூட லீவு கிடையாது, தன் கோப்பை யாரையும் தொட விடமாட்டார். இப்படி ஒருவரை எல்லா அலுவலகமும் மெச்சும். ஆடிட்டர்களுக்கு இவரைப் பார்த்தாலே உறுத்தும்.

2018 தொடக்கத்தில் வெடித்த பஞ்சாப் நேஷனல் வங்கி விவகாரம் இதற்குப் பெரிய உதாரணம். மும்பை பிராடி ஹவுஸ் கிளையில் துணை மேலாளர் ஒருவர் 2010-லிருந்து 2017-இல் ஓய்வு பெறும்வரை ஒரே இடத்தில் இருந்தார். வெளிநாட்டு வங்கிகளுக்கு உத்தரவாதக் கடிதங்கள், வங்கிகள் தங்களுக்குள் செய்தி அனுப்பும் ‘ஸ்விஃப்ட்’ அமைப்பு வழியாகப் போயின. வங்கியின் மையக் கணினிக் கணக்கில் அவை ஏறவில்லை. இரண்டு அமைப்புகளும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருக்கவில்லை. விஷயம் வெளிவந்தது எப்படி? அவர் ஓய்வு பெற்ற பிறகு, வைர வியாபாரி நீரவ் மோடியின் நிறுவனங்கள் வழக்கம்போல் உத்தரவாதம் கேட்டு வந்தன. புதிதாக உட்கார்ந்திருந்தவர்கள் முழுத் தொகைக்கும் ஈடு கேட்டார்கள். ‘இதற்கு முன்னால் அப்படியெல்லாம் கேட்டதில்லையே’ என்று பதில் வந்தது. நூலைப் பிடித்து இழுத்தபோது 13,000 கோடி ரூபாய்க்கு மேல் வந்து விழுந்தது. நாற்காலி மாறியிருக்க வேண்டிய காலத்தில் மாறியிருந்தால், அந்தப் பதிலைப் பல ஆண்டுகளுக்கு முன்பே கேட்டிருக்கலாம். இப்போது, வங்கிகளில் முக்கியப் பொறுப்பில் இருப்பவர்களை ஆண்டுக்கொரு முறை, முன்கூட்டிச் சொல்லாமல், சேர்ந்தாற்போல் குறைந்தது பத்து வேலை நாள் கட்டாய விடுப்பில் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி.

அதே 2018 பிப்ரவரியில், கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியிலும் ஸ்விஃப்ட் வழியாகத் தாக்குதல் நடந்தது. இது உள்ளே இருந்தவர்கள் செய்ததல்ல. வெளியிலிருந்து கணினிக்குள் புகுந்தவர்கள் செய்தது. துபாய், துருக்கி, சீனா என மூன்று பக்கம், 20 லட்சம் டாலருக்குச் சற்றே குறைவான தொகைக்கு உத்தரவுகள் போயின. வங்கி கண்டுபிடித்தது பிப்ரவரி 7-ஆம் தேதி, கணக்கு ஒத்துப்பார்க்கும் வேலையில். அனுப்பியதாகப் பதிவாகியிருக்கிறது, நம் ஆள் யாரும் அனுப்பவில்லை என்று தெரிந்ததும் ஓடி, துபாய்க்குப் போன ஐந்து லட்சம் டாலரை உடனே மடக்கிவிட்டார்கள். பஞ்சாப் நேஷனல் வங்கியில் ஏழாண்டு ஓடியது. இங்கே அன்றாட ஒத்துப்பார்ப்பிலேயே பிடிபட்டது.

தாமிரபரணி கடலில் கலக்கும் பக்கத்திலேயே, தூத்துக்குடியில், 1921-இல் நாடார் வங்கியாகத் தொடங்கிய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கியும் 2023 செப்டம்பரில் தலைப்புச் செய்தியானது. சென்னை டாக்ஸி ஓட்டுநர் ஒருவரின் கணக்கில் தவறுதலாக 9,000 கோடி ரூபாய் ஏறியது. நம்ப முடியாமல், நிஜம்தானா என்று பார்க்க அவர் 21,000 ரூபாயை நண்பருக்கு அனுப்பினார், போனது. சற்று நேரத்தில் மீதியை வங்கி திரும்ப எடுத்துக்கொண்டது. இதில் மோசடி எதுவும் இல்லை. ஆனால் அந்தத் தொகை, வங்கியிடம் அப்போது இருந்த மொத்த டெபாசிட்டில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. பதிவு போடுபவர் ஒருவர், ஒப்புதல் தருபவர் இன்னொருவர் என்பது வங்கிகளின் அரிச்சுவடி. அதோடு, இன்ன வகைக் கணக்கில் இன்ன தொகைக்கு மேல் ஒரே பதிவில் ஏறவே கூடாது என்று கணினியே மறிக்கும் வரம்பும் வேண்டும். தவறு நுழையக்கூடிய அகலத்துக்குக் கதவு திறந்திருந்தால், திருடனும் அதே அகலத்தில் நுழைவான்.

முதலாளியே செய்தால்?

இவ்வளவு பூட்டையும் ஒருவரால் ஒரே நிமிடத்தில் திறந்துவிட முடியும்: மேலே உட்கார்ந்திருப்பவர்.

2009 ஜனவரி 7 அன்று சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதம் அதைத்தான் காட்டியது. ரொக்கமும் வங்கி இருப்புமாக 5,361 கோடி ரூபாய் என்று ஐந்தொகையில் காட்டியிருந்ததில் 5,040 கோடி இல்லவே இல்லை. 2008 செப்டம்பரில் முடிந்த காலாண்டில் 24 சதவீதம் என்று சொன்ன செயல்பாட்டு லாபம் உண்மையில் 3 சதவீதம். 7,500-க்கும் மேற்பட்ட போலி இன்வாய்ஸ்கள் தயாரிக்கப்பட்டிருந்ததை சிபிஐ விசாரணை வெளிக்கொண்டுவந்தது. வழக்கமான ஊழியர்களின் திரையில் தெரியாதபடி அவற்றை மறைக்கவும் மென்பொருளில் வழி செய்திருந்தார்கள். தணிக்கைக் குழு இருந்தது, பெயர்பெற்ற வெளித் தணிக்கை நிறுவனம் இருந்தது, நல்ல நிர்வாகத்துக்கான விருதுகூட 2008-இல் வந்திருந்தது. ஹைதராபாத் சிறப்பு நீதிமன்றம் 2015 ஏப்ரலில் பத்துப் பேருக்கு ஏழாண்டு சிறைத் தண்டனை விதித்தது.

வங்கி இருப்பைச் சரிபார்க்கும் வழி மிக எளிது. வங்கிக்குத் தணிக்கையாளர் நேரடியாக எழுத வேண்டும், பதில் நேரடியாக அவர் கைக்கு வர வேண்டும். நடுவில் கம்பெனி ஆள் தபால்காரர் வேலை பார்க்கக் கூடாது. சத்யத்தில் இந்தச் சின்ன விதி தளர்ந்ததற்குக் கொடுத்த விலையைச் சிறு முதலீட்டாளர்கள்தான் சுமந்தார்கள். அந்தக் கடிதத்துக்குச் சில வாரங்களுக்கு முன், 2008 டிசம்பரில், கம்பெனி இயக்குநர் ஒருவருக்குப் புனைபெயரில் ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. உள்ளே இருந்த யாரோ ஒருவர் சொல்லிப் பார்த்திருக்கிறார்.

மோசடி ஆய்வாளர்களின் உலகச் சங்கமான ஏசிஎஃப்இ-யின் 2024 அறிக்கைப்படி, வெளிவந்த மோசடிகளில் 43 சதவீதம் யாரோ கொடுத்த தகவலால் வெளிவந்தவை. தகவல் தந்தவர்களில் பாதிக்கு மேல் ஊழியர்கள். ஆகவே மேலிடத்து மோசடிக்கு எதிரான கட்டுப்பாடு கீழே இருந்துதான் வர வேண்டியிருக்கிறது. எடைமேடையில் இருப்பவர், டெஸ்பாட்ச் குமாஸ்தா, கணக்குப் பிரிவில் ஓரமாக உட்கார்ந்திருக்கும் பெண் ஆகியோர் வேலை போகாமல் வாய் திறக்க ஒரு வழி வேண்டும். 2013 கம்பெனிச் சட்டத்தின் 177-ஆவது பிரிவு, பங்குச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனங்களும் இன்னும் சில வகை நிறுவனங்களும் அப்படி ஒரு புகார் வழியை வைத்தே ஆக வேண்டும் என்கிறது.

சத்யம் விட்டுப்போன வடுவில் பிறந்த பிரிவுகள் அந்தச் சட்டத்தில் பல. நிதிக் கட்டுப்பாடுகள் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று தணிக்கையாளர் தனியாகக் கருத்துச் சொல்ல வேண்டும். ஒரு கோடி ரூபாய்க்கு மேற்பட்ட மோசடியைக் கண்டால் மத்திய அரசுக்கே தெரிவிக்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில், எந்தப் பதிவை யார், எப்போது மாற்றினார் என்ற தடம் இருக்க வேண்டும்; அதை அணைத்து வைக்க வசதி இருக்கக் கூடாது. மார்ச் 31 ராத்திரி உட்கார்ந்து பழைய தேதியில் வவுச்சரைத் திருத்தும் பழக்கத்துக்கு இது சரியான அடி.

தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் இந்தச் சட்டம் எத்தனை பேரைத் தொடும் என்பது வேறு விஷயம். ஆண்டு விற்றுமுதல் 50 கோடிக்கும் கடன் 25 கோடிக்கும் கீழே உள்ள தனியார் கம்பெனிகளுக்குத் தணிக்கையாளரின் கட்டுப்பாட்டுக் கருத்து தேவையில்லை என்று 2017-இல் விலக்கு கொடுத்துவிட்டார்கள். கூட்டு வியாபாரமாக நடக்கும் அரிசி ஆலை, பாத்திரக்கடை, உப்பளம், வாழைத்தார் கமிஷன் மண்டி எதுவும் கம்பெனிச் சட்டத்துக்குள்ளேயே வராது. இவர்களுக்கு யாரும் நோட்டீஸ் அனுப்பப் போவதில்லை. ஒரே ஒரு கணக்கப்பிள்ளைதான் இருக்கிறார். வேலையை எத்தனை பேருக்குப் பிரிப்பது என்று அவர்கள் கேட்பதும் நியாயம்தான்.

ஆள் இல்லாத இடத்தில் அந்த இன்னொரு கை முதலாளியுடையதாக இருக்க வேண்டும். வங்கி ஸ்டேட்மென்ட்டைக் கணக்கர் அச்செடுத்துத் தர வேண்டியதில்லை. வங்கியிலிருந்து நேராக முதலாளியின் மின்னஞ்சலுக்கு வரலாம். குடோன் பொறுப்பாளர் இல்லாத ஒருவர், மாதம் ஒரு நாள், நாலு சரக்கை மட்டுமாவது எண்ணலாம். புதிதாக ஒரு சப்ளையரின் வங்கிக் கணக்கைச் சேர்க்கும் முன், பழைய பில்லில் இருக்கும் நம்பருக்கு ஒரு போன் போடலாம். சம்பளப் பட்டியலில் உள்ள பெயர்களையும் சம்பள நாளில் நிற்கும் ஆட்களையும் ஒரு தடவை ஒப்பிடலாம்.

இன்னொன்று அவசரமாகச் செய்ய வேண்டியது. பல சிறு நிறுவனங்களில் முதலாளியின் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், அதன் பாஸ்வேர்டு எழுதி ஒட்டிய துண்டுச் சீட்டோடு, கணக்கர் மேஜையிலோ ஆடிட்டர் ஆபீஸ் அலமாரியிலோ கிடக்கிறது. ஓடிபி வரும் போனும் கணக்கரிடமே இருக்கிறது. கணக்கு எழுதுபவர், பணம் அனுப்புபவர், ஒப்புதல் தருபவர் மூவரும் அங்கே ஒருவரே. டோக்கனைத் திரும்ப வாங்கி வைக்கச் செலவு ஏதும் இல்லை. நெட் பேங்கிங்கில் பதிவு போட ஒரு ஐடி, ஒப்புதல் தர வேறொரு ஐடி, ஓடிபி முதலாளியின் நம்பருக்கு என்று மாற்றவும் வங்கிக் கிளையில் ஒரு படிவம் எழுதிக் கொடுத்தால் போதும்.